அந்த ஒரு மாத்திரையை மட்டும் அனுப்பவில்லை

ராஜபாளையம்
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

என் கண்ணான மகள் நௌஷீனுக்கு உன் அம்மா நூர்பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மருமகன் அஃப்சலும் உன் மாமியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். நீ போனை எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுகிறாய், நான் உன்னிடம் கேட்பதற்கெல்லாம் கூடத்தில் இருந்து உன் மாமி பதில் சொல்கிறார். நல்ல மனுஷி, நான் குறை சொல்லவில்லை, பாசமாகத்தான் பேசுகிறார். ஆனால் இது ஸ்பீக்கரில் பேசுகிற விஷயம் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால் மார்க்கப் பயான் கேட்க அவர் எடுப்பதும் உன் போனைத்தான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் பெரியத்தா மகன் முஹம்மது அனஸ் சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். பார்சலை யாரிடம் கொடுத்தாலும் சரி, இந்தக் கவரை உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் கொஞ்சம் மறதிக்காரன், நீயே கேட்டு வாங்கிக்கொள்.

பார்சலில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், உன் மாமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, அஃப்சலுக்குச் சப்பட்டை மாம்பழம் செங்காயாக எடுத்துத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் மழை தப்பிப் பெய்ததால் மாங்காய் குறைவு, பக்கத்து வீட்டு ராஜா குடும்பத்தார் தோப்பில் இருந்து உனக்கென்று பறித்துக் கொடுத்தார்கள். வந்தவுடன் பிரித்துக் காற்றாட வை, இல்லாவிட்டால் காம்புப் பக்கம் கறுத்துவிடும். காலையில் சாப்பிடுகிற தைராய்டு மாத்திரைப் பாட்டில் இருக்கிறது. நீ கேட்ட அந்த முகத்து முடி மாத்திரையை மட்டும் அனுப்பவில்லை. கடையில் இல்லாமல் இல்லை, நான் மறக்கவும் இல்லை, வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. உனக்குக் கோபம் வரும், தாடையில் மறுபடி முளைத்துவிடும் என்று முதலில் அழுகையும் வரும். அழுதுவிட்டு மீதியைப் படி. இடையில் யாராவது கூப்பிட்டால் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாவது கடைசிவரை படித்துவிடு.

செவ்வாய்க்கிழமை நான் போன் பண்ணி, ராத்திரி என்று எழுதிய மாத்திரைப் பையைத் தொடாதே, பழைய சரக்கு, தேதி முடிந்ததாக இருக்கும், அனஸ் வரும்வரை அதில் இருந்து ஒன்றும் சாப்பிடாதே, காலைப் பாட்டிலை மட்டும் விடாதே என்று சொன்னேன் அல்லவா. நீயும் சரி சரி என்றாய். பழைய சரக்கு என்றது பொய். ஸ்பீக்கரில் உன் மாமி இருந்ததால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். உண்மை என்ன என்பதை இப்போது சொல்கிறேன்.

எப்போதும் உன் மாத்திரைகளை வாங்கிப் பொட்டலம் கட்டுகிறவள் ரமீஜா சாச்சிதான், உனக்குத் தெரியும். என் தங்கச்சி அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். இந்தத் தடவை ஆலங்குளத்தில் அவள் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டதால் அவளால் வரமுடியவில்லை. அன்று காலை சீட்டை எடுத்துக்கொண்டு நானே பஞ்சு மார்க்கெட் பக்கம் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே ஹெப்சிபா என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது அக்கா கல்யாணத்துக்கு முந்தி எழுதுனதுல்லா, இன்னுமா அவிய இதைச் சாப்பிடுதாவ, டாக்டர்ட்ட ஒருவாட்டி கேட்டுட்டு வாங்கம்மா, பொறவு தாரேன் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எம்புட்டு நாளா வாங்குதோம், இப்ப என்ன புதுசா என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் சத்தம் போட்டேன். அவள் தைராய்டு மாத்திரையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். ஊரில் வேறு கடையா இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். அப்படி நடக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது. தேயிலை வாடையே பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றாய். மாதாந்திரம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டதற்கு, ரெண்டு மாசமா வரலைம்மா, எனக்கு எப்பவும் அப்படித்தான என்று அசட்டையாகச் சொன்னாய். நானும் அப்போது ஆமாம், உனக்கு எப்போதும் அப்படித்தானே என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியும் நீ சொன்ன பதிலும் சேர்ந்து மனதில் வந்ததும் அடுத்த கடைக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழையதெல்லாம் ஓடியது. நிக்காஹ் நிச்சயம் ஆனதும் சாச்சி உன்னை மதுரைக்குத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாளே, அன்று ராத்திரி வந்து நீங்கள் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த டாக்டர் உன்னைப் பார்த்து, குழந்தை உண்டாக வாய்ப்பு இருக்கிறதா என்று ஏதோ கேட்க ஆரம்பித்திருக்கிறார். இவள் குறுக்கே விழுந்து, என்ன கேள்வி கேக்கிய டாக்டர், வயசுப்புள்ள, இன்னும் நிக்காஹே ஆகலை, இவகிட்டப் போயி என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். அவரும் அதோடு நிறுத்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நம் வீட்டுப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட மாதிரி சாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள், நாம் எல்லோரும் சிரித்தோம். அவர் சொல்ல வந்தது என்ன என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாத்திரையும் வேலை செய்தது, நிக்காஹ் அன்று உன் முகம் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின் அதே சீட்டு, அதே மாத்திரை, யார் விமானம் ஏறினாலும் ஒரு பொட்டலம். இடையில் உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதை அந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கர்ப்பத்தைப் பற்றிக் கேட்டால் நமக்குக் கேவலம், கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தாடையில் முடி என்று சொன்னால் அதுவும் கேவலம். இரண்டுக்கும் நடுவில் உனக்குச் சொல்ல வேண்டியதை யாருமே சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் கூட்டம் அதிகம், மதியம் ளுஹர் நேரம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, உன் வயது என்ன, குழந்தைக்குத் தடுப்பு ஏதாவது எடுத்துக்கொள்கிறாயா என்பது. நான் இல்லை என்றேன், அவளுக்குக் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கு டாக்டர், மாசமே ஒழுங்கா வராது, அவளுக்கு எங்க அம்புட்டு லேசுல உண்டாகும், நாங்களே ஒரு வருஷமா ஏங்கிக்கிட்டு இருக்கோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நீர்க்கட்டி இருக்கிறவளுக்கு உண்டாகவே ஆகாதுன்னு யார்ம்மா சொன்னா என்று கேட்டார். மாதம் தவறி வருகிறவளுக்குக் கருமுட்டை எப்போது வரும் என்று சொல்ல முடியாதே தவிர வராது என்று இல்லையாம், இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரு மாதம் திடீரென்று வருமாம். அதிலும் ராத்திரிப் பையில் இருக்கிற நீளமான வெள்ளை மாத்திரை, சர்க்கரைக்காரர்கள் சாப்பிடுகிற மெட்ஃபார்மின், அதை உனக்குக் கொடுத்திருப்பதே அந்தச் சுழற்சியை ஒழுங்குபடுத்தத்தானாம். ஒரு கையால் குழந்தைக்கு வழி திறந்துவிட்டு இன்னொரு கையால் குழந்தைக்கு ஆகாத மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவர் சொன்னார். மாதம் வராததை வைத்து நீ கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது என்றார். மற்றவர்களுக்கு நாள் தள்ளினால் சந்தேகம் வரும், உனக்கு நாள் தள்ளுவதுதான் வழக்கம். அதனால் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பாய்.

அந்த முடி மாத்திரைக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்று பேர். எனக்கு வாயில் நுழையாது என்று தாளில் எழுதி வாங்கி வந்து கவருக்குள் வைத்திருக்கிறேன், அங்கே டாக்டரிடம் அதைக் காட்டினால் போதும். உன் உடம்பில் ஆண் தன்மைக்கான ஹார்மோன் கொஞ்சம் கூடுதல், அதனால்தான் தாடையில் முடி வருகிறது, அந்த ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது இந்த மாத்திரை. இந்த அளவு எனக்கும் தெரியும். வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்புகள் ஒழுங்காக உருவாக அதே ஹார்மோன் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அது உருவாகிறது ஆரம்ப மாதங்களில்தான், தாய்க்கே சரியாகத் தெரியாத சமயம். அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும், சாப்பிடுகிற காலத்தில் கண்டிப்பாகத் தடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, இதைத்தான் அந்த மதுரை டாக்டரும் சொல்ல வந்திருப்பார் என்றார். நான் ரமீஜாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா முன்னாலேயே போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டு, அங்கே இருக்கிற அத்தனை மாத்திரையையும் குப்பையில் கொட்டு என்று சொல்லப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, செத்த நேரம் இருங்கம்மா, அம்புட்டையும் நிறுத்தச் சொன்னா அது இதவிடப் பெரிய தப்பாப் போயிரும் என்றார். காலைப் பாட்டிலில் இருக்கிற தைராய்டு மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது, குழந்தை உண்டாகியிருந்தால் இன்னும் கண்டிப்பாக நிறுத்தக்கூடாது. ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குத் தைராய்டு சத்து தாயிடம் இருந்துதான் போகிறதாம், அதன் மூளை வளர்வதற்கு அது வேண்டுமாம். கர்ப்பம் என்று தெரிந்தால் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், குறைக்க வேண்டியிராது என்றார். நான் மட்டும் அப்போது அவசரப்பட்டுப் போன் பண்ணியிருந்தால், பயத்தில் நல்லதையும் சேர்த்து நிறுத்த வைத்திருப்பேன். எதை விட வேண்டும் எதை விடக்கூடாது என்பதைப் பெற்றவளின் பயம் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதை நீயும் பிடித்துக்கொள்.

இனி நீ செய்ய வேண்டியது. ராத்திரிப் பையில் இருக்கிற சின்ன வட்ட மாத்திரை இனிமேல் வேண்டவே வேண்டாம். நீ அதை முடிக்காக மட்டும்தான் சாப்பிடுகிறாய், இருதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ இல்லை, அதனால் சட்டென்று நிறுத்துவதில் ஆபத்தில்லை என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீளமான வெள்ளை மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை அங்கே டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை நாலு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. நிறத்தை வைத்தும் வடிவத்தை வைத்தும் நீயாக எதையும் முடிவு பண்ணாதே. உன் சாச்சி பார்சல் எடை குறைய வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்துப் பையில் போட்டு ஸ்கெட்ச் பேனாவால் ராத்திரி என்று எழுதி அனுப்புவாளே, அதில் மருந்தின் பேர் எந்தத் துண்டில் இருக்கிறது எந்தத் துண்டில் இல்லை என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். டாக்டரம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முழுப் பையையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டு. இந்தத் தடவை தைராய்டு மாத்திரையைப் பெட்டியோடும் புதுச் சீட்டோடும் வைத்திருக்கிறேன், இனி அப்படித்தான் வரும், எடை கூடினால் மிளகாய்த்தூள் குறையட்டும்.

அத்தாவின் பேண்டேஜ் கம்பெனிப் பஞ்சு உருண்டை ஒன்று பார்சலில் இருக்கும், மாமி கேட்டால் முகம் துடைக்க என்று சொல். அதற்குள்ளே கர்ப்பம் பார்க்கிற அட்டை இரண்டு வைத்திருக்கிறேன். அங்கே கிடைக்காமலா இருக்கும், ஆனால் அஃப்சலை விட்டுக் கடைக்குத் தனியாகப் போக மாட்டாய் என்று தெரியும். காலையில் எழுந்து முதல் தடவை போவதில் பார். இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. இரண்டாவது கோடு வராவிட்டால் அப்பாடா என்று உட்கார்ந்துவிடாதே, உன் மாதிரி கணக்குத் தவறி வருகிறவர்களுக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது, ஒரு வாரம் கழித்து இன்னொன்றில் பார், ரத்தத்திலும் பார்க்கச் சொல். எது வந்தாலும் டாக்டரிடம் போவது போவதுதான். போனவுடன் இந்த மாத்திரையை எப்போதிலிருந்து எப்போதுவரை சாப்பிட்டாய் என்பதை மறைக்காமல் சொல். தைராய்டு அளவைப் பார்க்கச் சொல். ஃபோலிக் ஆசிட் மாத்திரை, கரு உண்டாவதற்கு முன்பே சாப்பிடத் தொடங்க வேண்டியதாம், அதையும் கேட்டு வாங்கிக்கொள். சத்து மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுத்தால் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதே, இரும்பும் கால்சியமும் அதை உடம்பில் சேரவிடாதாம், நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

அங்கே உன் எதிர்வீட்டு மலையாளப் பெண் முகப்பருவுக்கு ஒரு கேப்ஸ்யூல் சாப்பிடுகிறாள், ஒரே மாதத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று ஒரு நாள் சொன்னாயே, அதை நீ வாங்கிச் சாப்பிட்டாயா? அதைச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்த வகைக் கேப்ஸ்யூல் சில, வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு இந்த முடி மாத்திரையைவிடக் கொடுமையானதாம். சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடு, என்னிடம் சொல்ல வெட்கப்பட்டால் டாக்டரிடமாவது சொல். ரமீஜா உனக்குக் குழந்தை தங்க வேண்டும் என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்லி இடித்து வைத்திருந்த சூரணமும் பார்சலில் வராது. அதில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் வேருதாம்லா, வேரு என்ன செய்யும் என்கிறாள். என்ன செய்யும் என்று தெரியாததைத்தான் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என்னோடு பேசாமல் இருக்கிறாள், ரெண்டு நாளில் சரியாகிவிடுவாள்.

இப்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் நான் கையேந்திக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உன் வயிற்றில் ஒரு குழந்தை. செவ்வாய்க்கிழமை மஃரிப் தொழுதுவிட்டுக் கையைத் தூக்கினேன், என்ன கேட்பது என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்று கேட்கவும் பயம், இப்போது வேண்டாம் என்று கேட்க நாக்கு வரவில்லை, ஒருவேளை ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளையாக இருந்தால் அதை வேண்டாம் என்று கேட்டதாக ஆகிவிடாதா. வெறும் கையை விரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் நான் கேட்டதையும் எழுதுகிறேன். ஒருவேளை உண்டாகியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாத்திரை சாப்பிட்டதாலேயே குழந்தைக்குக் கெடுதல் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, எந்த வாரம், எவ்வளவு அளவு என்று பார்த்து, ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும், தெரியாமல் சாப்பிட்டு நல்லபடியாகப் பெற்றவர்களும் இருக்கிறார்கள், பயந்துபோய் யார் பேச்சையாவது கேட்டு அவசரப்பட்டு எதையும் செய்துவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார். அதைத்தான் நானும் சொல்கிறேன். இரண்டு கோடு வந்தால் அது உன் பிள்ளை, என் பேரப்பிள்ளை. பயத்தோடேயே வரட்டும், வந்தால் வாங்கிக்கொள்வோம்.

ஆனால் இதையெல்லாம் நீ ஒளித்து வைத்துக்கொண்டு செய்ய முடியாது. டாக்டரிடம் உன்னைக் காரில் கூட்டிக்கொண்டு போகப் போகிறவன் அஃப்சல். அங்கே அவர் கேட்கப் போவது, என்ன மாத்திரை, எதற்காகச் சாப்பிட்டாய் என்பதைத்தான். பக்கத்தில் அவன் நிற்கும்போது நீ வாயை மூடிக்கொண்டால் மதுரையில் நடந்தது அங்கேயும் நடக்கும். அதனால் போவதற்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடு. எனக்குத் தாடையில் முடி வளரும், அதற்கு மாத்திரை சாப்பிட்டேன், நிக்காஹுக்கு முன்னாலிருந்தே சாப்பிடுகிறேன், சொல்ல வெட்கமாக இருந்தது. இவ்வளவுதான். சொல்ல முடியாவிட்டால் இந்தக் கடுதாசியை அவன் கையில் கொடு, படிக்கட்டும். நான் அவனைப் பற்றி இதில் தப்பாக ஒன்றும் எழுதவில்லை.

அவன் என்ன நினைப்பானோ என்று நீ பயப்படுவாய். நானும் பயந்தேன். அதனால் உன் அத்தாவிடம் சொன்னேன். இந்த மாதிரி விஷயத்தை அவரிடம் நான் பேசியதே கிடையாது, உனக்கு மருந்து போவது தெரியும், எதற்கு என்று அவர் கேட்டதும் இல்லை நான் சொன்னதும் இல்லை. பேண்டேஜ் உருண்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், நான் சொல்லி முடிக்கும்வரை அடுக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து கேட்டார். முதலில், புள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லயே என்றார். பிறகு மாப்பிள்ளைக்கு இது தெரியுமா என்றார். தெரியாது, மறைத்துவிட்டோம், தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அதற்கு அவர், என்னத்தச் சொல்லப் போறான், ஒனக்கும்தான மேலுதட்டுல மீசை இருந்துச்சு, நான் என்ன சொன்னேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்பப் பாத்திய என்று கேட்டேன். நிக்காஹ் முடிஞ்சு மொத மொதல்ல ஒம்முகத்தப் பாத்தன்னைக்கே பாத்தேன், இப்பவும் இருக்கு என்று சொல்லிவிட்டு மறுபடி அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏட்டி, இத்தனை வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் பின்கட்டுக் குளியலறைக்குள் போய் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அந்த முடியை இழுத்துக்கொண்டிருக்கிறேன், அவருக்குத் தெரியக்கூடாது என்று. முதலில் கோபம்தான் வந்தது. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு அந்த வலியாவது மிச்சமாகியிருக்கும். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். அஃப்சல் உன் அத்தா இல்லை, அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் உன்னை அவன் பார்க்கிற பார்வையை இங்கே வந்திருந்தபோது நானும் பார்த்திருக்கிறேன், ஏற்கெனவே அவனுக்குத் தெரிந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

உன் மாமியிடம் இப்போதே சொல்ல வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம். அவருக்குச் சர்க்கரை உண்டு, பால்கோவாவை ஒரே நாளில் முடித்துவிடப் போகிறார், தினம் ஒரு கரண்டிக்கு மேல் கொடுக்காதே. அஃப்சலுக்கு அத்தா சலாம் சொல்லச் சொன்னார். அனஸுக்கு ஒரு வேளை சோறு போட்டு அனுப்பு, பாவம், எல்லார் வீட்டுப் பொட்டலத்தையும் சுமந்துகொண்டு வருகிறான்.

முடி வளர்ந்துவிடும் என்று கவலைப்படுவாய், வளரும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகத்தான் வழக்கமாக அந்த மாத்திரை வைத்து அனுப்புகிற பையில் இந்தத் தடவை ஒரு நூல்கண்டு வைத்திருக்கிறேன், நம் தெரு பார்லர் பிச்சையம்மாளிடம் கேட்டு வாங்கினது, அறுந்துபோகாத நூல். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு இழுத்தால் அவ்வளவாக வலிக்காது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்யாதே, அஃப்சலைக் கண்ணாடி பிடிக்கச் சொல். நல்ல செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசாவுக்கு ஏற்பாடு பண்ணச் சொல், நான் ஒரு தடவை வந்துபோகிறேன், நூலின் ஒரு முனையை நானே பல்லில் கடித்துக்கொள்கிறேன்.

உன் உடம்பையும் உன் மனதையும் உன் வயிற்றில் இருக்கக்கூடியதையும் படைத்தவனிடமே ஒப்படைக்கிறேன், அவன் உன்னைக் கைவிடாமல் வைத்திருப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு
உன் வரவுக்காகவும் உன் போனுக்காகவும் காத்திருக்கும் அம்மா,
நூர்பானு பீர் முகமது

மறந்துவிடாதே: தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், தேயிலை குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால். போன் பண்ணும்போது நல்ல செய்தியோ இல்லையோ, முதலில் அஃப்சலிடம் சொல்லிவிட்டேன் என்று சொல், மற்றதைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.